தள்ளுபடி இல்லாத மலை

ரோஷத்தின் விலை நாலாயிரத்து ஐந்நூறு. மாதக் கடைசிக்குள் கட்டினால் நாலாயிரம்தான். கறார் அக்கா மாதம் முடியும்வரை பொறுத்திருந்து, மறுநாள் காலையில் முழுத் தொகையையும் கட்டினாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானுக்கான கட்டணம் அது.

விஷயம் தெரிந்த அன்று அவள் கணவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஐந்நூறு குறைச்சுக்கிறேன்னு அவனே வாயைத் திறந்து சொல்றான். கேட்காம வந்த தள்ளுபடி! அதை வேணாம்னு சொல்ல உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"நாளைக்கு எவனும் என்னைப் பார்த்து, இவ குறைச்சு வாங்கினவன்னு சொல்லக் கூடாது."

சொல்பவன் யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எதிர்க் கடைக் கடிகாரக்காரர். போன வருடம் அவள் அரை மாரத்தான் ஓடி, கழுத்தில் மெடலோடு கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது, அந்த மனிதர் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், "அரைதானா? அக்கா பாதி விலைக்கு முடிச்சுட்டாங்கப்பா!" என்றார். தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்று இரவே மெடல் அலமாரிக்குள் போனது; இன்றுவரை வெளியே வரவில்லை.

அவர்களுடையது சூட்கேஸ் கடை. ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் பெட்டி விற்றே இருபத்தாறு வருடம் ஓட்டிய அந்தக் குடும்பம், சேர்ந்தாற்போல நாலு நாள் எங்கும் போனதில்லை. போனால் கடையை யார் பார்ப்பது?

வியாபாரம் நடக்கும் விதம் இதுதான். வந்தவர் ஒரு பெட்டியை உருட்டிப் பார்த்து, பூட்டிப் பார்த்து, கடைசியில் விலையைக் குறைக்கச் சொல்வார். கணவர் முகம் சுளிக்கவே மாட்டார். "நான் மட்டும்னா சும்மாவே கொடுத்துடுவேன். வீட்டுல கேக்கணுமே" என்று கல்லாப் பக்கம் திரும்பி, "ஏம்மா, இவங்க நம்ம ஆளு. இருநூறு குறைச்சுக்கலாமா?" என்பார். கறார் அக்கா நோட்டு எண்ணுவதை நிறுத்தாமல், தலையும் நிமிராமல், "முடியாது" என்பாள். அவள் வசனம் அவ்வளவுதான். கணவர் வந்தவரின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "அவ கிடக்கா. நீங்க பெட்டியை எடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பார். பெண்டாட்டிக்குப் பயப்படும் ஒரு நல்லவன் தனக்காகத் திட்டு வாங்கப் போகிறானே என்ற நெகிழ்ச்சியில் வந்தவர் பணத்தை எடுப்பார். குறைத்த இருநூறு முதலிலேயே ஏற்றி வைத்த இருநூறு என்பது பெட்டிக்குத் தெரியும். பாவம், அதற்கு வாய் இல்லை.

தெரு அவளுக்குக் கறார் அக்கா என்று பேர் வைத்தது இந்த ஒற்றைச் சொல்லால்தான். வேடிக்கை என்னவென்றால், இருபத்தாறு வருடங்களில் அவள் சொன்ன எந்த முடியாதும் முடியாமல் போனதே இல்லை. பழக்கம் கடையோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை, ஷட்டரை இறக்கியபின் அது வீட்டுக்கும் கூடவே வந்தது. பச்சை சோபா முடியாது என்றாள், வந்தது. மாடியில் சரக்கு அடுக்க முடியாது என்றாள். இப்போது கணவனும் மனைவியும் இருபத்தெட்டு அங்குலப் பெட்டிகளுக்கு நடுவில், ரயில் நிலையத்தில் படுத்தவர்கள் மாதிரித்தான் தூங்குகிறார்கள். கணவர் கெட்டவர் இல்லை. அவள் முடியாது என்று சொன்னால் அவர் காதில் 'இனிமேல் நீங்க பேசுங்க' என்று விழும். அத்தனை வருடம் அப்படித்தான் தொழில் நடந்தது.

ஓட்டம் மட்டும் அவளிடம் பேரத்துக்கு வரவில்லை. விடியற்காலையில் பத்து கிலோமீட்டர் என்று கிளம்பினால் பத்து ஓடியாக வேண்டும். ஒன்பதரையில் நின்றால் ஒன்பதரைதான். சாலை யாருடைய தோளையும் தொட்டுக் குரலைத் தாழ்த்துவதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அதனால்தான் முழு மாரத்தான். அதிலும் ஊரிலேயே கஷ்டமான ஒன்று. ஆற்றங்கரையில் தொடங்கி ஊருக்குள் சுற்றி, முப்பதாவது கிலோமீட்டரில் மலையடிவாரத்துக்கு வரும். அங்கிருந்து மேலே தண்ணீர்த் தொட்டிவரை இரண்டரை ஏறி, வந்த வழியே இரண்டரை இறங்கி, பிறகு ஊர்ப் பக்கம். ஆறரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் மெடல் கிடையாது. ஒன்பது மாதம் அவள் கணக்குப் போட்டு ஓடினாள். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஐந்தாறு நிமிடம்தான் மிஞ்சியது. அந்த நிமிடங்களுக்காகத்தான் குடும்பமே களத்தில் இறங்கியது.

சாப்பாட்டு மேசையில் மகள் வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். கடை வண்டியை ஓட்டும் நாத்தனார் எல்லோரையும் இறக்கிவிட்டு, தான் நாற்பதாவது கிலோமீட்டரில் நிற்பது. மகள் முப்பத்தாறில், வாழைப்பழத்தோடும் உப்புத் தண்ணீரோடும். அப்பா அடிவாரத்தில், முப்பதில்.

"அப்பா, உங்களுக்கு ஒரே வேலைதான். அம்மா வந்தா தண்ணி கொடுக்கணும், கை தட்டணும். வேற எதுவும் பேசக் கூடாது."

"கை தட்டறதுக்கு எதுக்குடி நான்? நான் பேசினாத்தான் காரியமே நடக்கும்."

"அதான் பயமா இருக்கு" என்றாள் மகள்.

கறார் அக்கா நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு மட்டும் எல்லாரும் கேட்டுக்கோங்க. அழுதாலும் விழுந்தாலும் என்னை வண்டியில ஏத்தக் கூடாது. ஒரு அடி குறையக் கூடாது."

"சரி சரி" என்றார் கணவர். ஏதோ ஒரு வாடிக்கையாளருக்காக அவள் பேசுவதாகத்தான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

முதல் இருபது கிலோமீட்டர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயிற்று. இருபத்தைந்தில் வலது தொடை முணுமுணுக்கத் தொடங்கியது. இருபத்தெட்டில் இடது தொடையும் பேச்சில் சேர்ந்துகொண்டது. அடிவாரத்துக்கு வந்தபோது அவள் பார்வை தன் காலணிக்கு முன்னால் மூன்று முழத்தைத் தாண்டவில்லை. வெயில் ஏறியிருந்தது. உப்பு முகத்தில் காய்ந்து, சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி உதிர்ந்தது.

கணவர் தண்ணீரோடு கூடவே நாலு எட்டு ஓடி வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை அந்த நிறத்தில் அவர் பார்த்ததில்லை.

"ஏம்மா, இந்த மலை வேணுமா? இங்கேயே குறுக்கால போயிடலாம்போல இருக்கே. ஏறுறவங்களுக்கும் இறங்குறவங்களுக்கும் நடுவுல ஒரு கயிறுதான்."

அவள் தலை நிமிராமல், ஓட்டத்தை நிறுத்தாமல், "முடியாது" என்றாள்.

அவளுடைய கஷ்டகாலம், அதைக் கல்லாவில் சொல்வது போலவே சொல்லிவிட்டாள்.

கயிற்றுக்கு முன்னால் கைகழுவும் குழாய் ஒன்று வைத்திருந்தார்கள். அவள் தலையை அதன் அடியில் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். கணவருக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும். அதில் அவர் மூன்று பெட்டி விற்றவர்.

கயிற்றருகே மஞ்சள் மேலங்கியும் விசிலும் கொடியுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். வழி காட்டும் தொண்டர். விடிந்ததிலிருந்து கொடி காட்டிக் காட்டி அவருக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. அவரோடு கணவர் ஏற்கனவே ஒரு மணி நேரமாகப் பேசியதில், அடுத்த மாதம் பெரியவர் மகன் வீட்டுக்கு விமானத்தில் போகிறார் என்பதும், அவருடைய பெட்டிக்குச் சக்கரம் போய்விட்டது என்பதும் தெரிந்துவிட்டன.

"ஐயா, அதோ குழாயடியில நிக்கிறது என் வீட்டுக்காரி. முகத்தைப் பாருங்க. மேல போனா திரும்பி வருவாளான்னு சந்தேகமா இருக்கு."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"சேச்சே, அதுக்கெல்லாம் ஏற மாட்டா. நீங்க அந்தக் கொடியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டினா போதும். நாலு சக்கரம், நம்பர் பூட்டு, இருபத்தெட்டு இன்ச். நான் வாங்கின விலைக்கே தர்றேன்."

பெரியவர் நேர்மையானவர்தான். அதனால் கயிற்றைத் தூக்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

கறார் அக்கா தலையில் நீர் சொட்டச் சொட்ட வந்தாள். கொடி காட்டிய பக்கம் திரும்பினாள். மாரத்தானில் கொடி காட்டினால் திரும்ப வேண்டும். முப்பது கிலோமீட்டர் ஓடிய மூளைக்கு அதற்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது. மலை இன்னும் செங்குத்தாகத் தொடங்கவில்லையே என்று மட்டும் ஒரு நினைப்பு வந்தது. சாலை சமமாகவே போயிற்று. நல்ல மலை, என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எதிரே பலகை தெரிந்தது: 36. அதன் அடியில் மகள், உரித்த வாழைப்பழத்தோடு.

"அம்மா! அதுக்குள்ளயா? பறந்துட்டு வந்தியா?"

கறார் அக்கா நின்றாள். பலகையைப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்த பலகையில் முப்பது. நடுவில் மலை ஒன்று இருந்திருக்க வேண்டும். பெரிய சரக்கு, கண்ணில் படாமல் போகாது.

மகள் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. "அப்பா பேசிட்டாரா?"

"பேசிட்டார்."

மகள், யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? மேல ஆளைப் பதியற மெஷின் எதுவும் வைக்கலை. யாருக்கும் தெரியாது. இப்படியே போனா மெடல் உறுதி" என்றாள்.

"கடிகாரக்காரருக்குத் தெரியாது."

"தெரியாது."

"எனக்கு?"

மகள் வாழைப்பழத்தை நீட்டினாள். வேறு நீட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. அம்மா அதில் பாதியைக் கடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள்.

எதிரே வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டார்கள். "அந்தப் பக்கம் இல்லைங்க" என்று ஒருவர் சொன்னார். "தெரியுங்க, ஒரு சாமான் விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். அந்த ஒரு கிலோமீட்டர்தான் அன்று அவள் ஓடியதிலேயே நீளமானது. கால் வலி அதற்குக் காரணம் இல்லை.

அடிவாரத்தில் கணவர் முதல் போணி நல்லபடியாக முடிந்த முகத்தோடு நின்றிருந்தார். அவளைக் கண்டதும் முகம் கலைந்தது.

"ஏம்மா, என்ன ஆச்சு? எதையாவது விட்டுட்டியா?"

"மலையை விட்டுட்டேன்."

"அது... நான்தான் பேசி..."

"நான் முடியாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே! நீ சொன்னதாலதானே நான் பேசினேன்!" அவர் குரலில் கள்ளமே இல்லை. "நீ முடியாதுன்னா நான் பேசணும். அதுதானே நம்ம வழக்கம்?"

கத்தலாம் என்று வந்தவளுக்குக் கத்த முடியவில்லை. நிஜமாகவே அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தில்தான் பிள்ளைக்குப் படிப்புச் செலவு வந்தது, வீட்டுக்குக் கூரை வந்தது. அவளும் கல்லாவில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கியவள்தான். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"கடையில சரிங்க. ஒரே ஒரு முடியாதாவது எனக்குன்னு வேணாமா?"

பேச்சையே முதலாகப் போட்ட மனிதருக்கு அந்தக் கேள்வி திவால் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அவள் கயிற்றின் ஏறும் பக்கமாகப் போய், மலைச் சாலையில் கால் வைத்தாள். பெரியவர் விசிலை உருட்டிக்கொண்டே, "அப்போ அந்தப் பெட்டி?" என்றார்.

"பெட்டி உண்டுங்கய்யா" என்றார் கணவர், நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு.

"முழு விலைக்கு" என்று மேலிருந்து குரல் வந்தது.

கணவர் தண்ணீர்க் குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைக்குப் போடும் தோல் செருப்போடு அவள் பின்னால் ஏறத் தொடங்கினார்.

முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியவளும், கடைக்குள்ளேயே இருபத்தாறு வருடம் நடந்தவரும் அந்த மலையில் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போனார்கள். முதல் வளைவில் அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில் செருப்பு கடித்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் சத்தமில்லாமல் அவர் வருவது அவளுக்கு விநோதமாக இருந்தது. யாரோ அந்நியரோடு போவதுபோல், கொஞ்சம் கூச்சமாகக்கூட.

பாதியில் அவரே கேட்டார்: "நான் இங்கேயே உக்காந்துக்கட்டுமா?"

"முடியாது."

அவர் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார். "ஏம்மா, இது கடை முடியாதா, வீட்டு முடியாதா?"

"நீங்களே கண்டுபிடிங்க."

அவர் உட்காரவில்லை.

தண்ணீர்த் தொட்டியடியில் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரு கோப்பை. பாதி அவள் குடித்து, பாதியை அவரிடம் கொடுத்தாள். தொட்டிச் சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தொட்டாள், துணியின் தரம் பார்ப்பதுபோல. பிறகு திரும்பி, இறக்கத்தில் கால்களை விட்டாள். அவருக்காக நிற்கவில்லை. நிற்க வேண்டாம் என்று அவரும் கையைக் காட்டினார்.

முப்பத்தாறில் மகள் ஒன்றும் கேட்காமல் உப்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தாள். நாற்பதில் நாத்தனார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கத்தினாள்:

"அண்ணி! பின்னால வந்த வாக்கிங் தாத்தா உங்களைத் தாண்டிப் போய், குளிச்சு, பேப்பர் படிச்சுட்டு இருக்காரு! எங்க போயிருந்தீங்க?"

"உங்க அண்ணன் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தாரு!"

"ஐயையோ! அவர் வாங்கிக் கொடுத்த தள்ளுபடியிலதான் எனக்கு இந்த வண்டியே வாய்ச்சுது, மூணாவது கியரே விழாது! ஓடுங்க அண்ணி, ஓடுங்க!"

கறார் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு விலா எலும்பில் குத்தியது. குத்தக் குத்த ஓடினாள்.

முடிவுக் கோட்டில் காற்றடைத்த வளைவு பாதி இறங்கி, தலைகுனிந்த மாதிரி நின்றது. ஆறரை மணி நேரம் முடிந்து கால் மணி ஆகியிருந்தது. தரைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவளுக்காக ஒரு முனையைத் திரும்ப விரித்தார்கள். அவள் அதைத் தாண்டினாள். அந்தப் பெரியவரின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்த கணவர், செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். மகளும் நாத்தனாரும் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள்.

அமைப்பாளர் இளகிய மனசுக்காரர். அட்டைப் பெட்டியைப் பிரித்து ஒரு மெடலை எடுத்தார். "நேரம் முடிஞ்சுதான் போச்சு மேடம். ஆனா என்ன, கால் மணி நேரம்தானே? இந்த வயசுல இந்த மலையை ஏறியிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல வராது, மெடலை மட்டும் வச்சுக்கோங்க. யார் கேக்கப் போறாங்க?"

மெடல் வெயிலில் மின்னியது. கனமான சரக்கு. அவள் அதைப் பார்த்தாள். ஒன்பது மாதம் அதற்காகத்தான் விடியற்காலையில் எழுந்தாள்.

"முடியாது" என்றாள்.

அமைப்பாளர் கணவர் பக்கம் திரும்பினார். எல்லோருமே அப்படித்தான் திரும்புவார்கள். கடையில் இருபத்தாறு வருடமாகத் திரும்பினார்கள். "நீங்களாவது சொல்லுங்க சார்."

கணவருக்கு வாய் திறந்தது. ஒரு கை அமைப்பாளரின் தோளைத் தொடப் போகிறதுபோல் எழுந்தது, குரல்கூடத் தாழ்வதற்குத் தயாரானது. பிறகு அந்தக் கை தன் பிடரியைச் சொறிந்துகொண்டு இறங்கியது.

"அவங்க முடியாதுன்னா முடியாதுதான் சார்" என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கடிபட்ட காலை விட்டுவிட்டு, அவள் காலணி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

மறுநாள் கடை வழக்கம்போல் திறந்தது. கறார் அக்கா கல்லாவுக்கு நாற்காலியைப் பிடித்துப் பிடித்து வந்து உட்கார்ந்தாள். கடிகாரக்காரர் எதிரே இருந்து, "அக்கா, மெடல் எங்க?" என்றார். "நேரம் ஆயிடுச்சு. உங்க கடிகாரம்தான் வேகமா ஓடுது" என்றாள். அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மலை முழுசுமா?" என்று கேட்டார். "முழுசும்" என்றாள்.

முதலில் வந்தவர் அந்தப் பெரியவர். விலையைக் கேட்கவே இல்லை. ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, வானத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் நீலப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இருநூறு குறைக்கச் சொன்னார். கணவர் கல்லாப் பக்கம் திரும்பினார்.

"முடியாது" என்றாள், நோட்டு எண்ணிக்கொண்டே.

கணவர் அவள் உதட்டைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். வியர்த்தது. பிறகு வந்தவரிடம் ரொம்ப மரியாதையாக, "முடியாதாம்ங்க" என்றார். அவர் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"அட மனுஷா!" என்று கறார் அக்கா எழப் பார்த்து, தொடை விடாமல் உட்கார்ந்தாள். "அது கடை முடியாதுங்க!"

"இனிமே எதுன்னு சொல்லிட்டுச் சொல்லும்மா" என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

அன்று மாலை ஷட்டரை இறக்கும்போது கணக்கு இப்படி நின்றது: விற்ற பெட்டி ஒன்று, முழு விலைக்கு. கைநழுவிய பெட்டி ஒன்று. மாரத்தான் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் சொச்சமும், அடி குறையாமல் கொடுத்துத் தீர்த்தாயிற்று. கணவர் வாங்கிக் கொடுத்த தள்ளுபடியால் மேற்கொண்டு ஓடியது, போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு கிலோமீட்டர். அது அவர் பேரில் பற்று. மலையில் கூடவே ஏறியதை அதில் கழித்துக்கொள்ளக் கூடாதா என்று அவர் கேட்டார். முடியாது என்றாள். எந்த முடியாது என்று அவர் கேட்கவில்லை. இரண்டு கிலோமீட்டர், பாக்கி.